பழக்கத்தைச் சொல்லும் ஆங்கிலம்

"தினமும் காலை ஐந்து மணிக்கு எழுவேன்" என்கிறோம். "சிறு வயதில் பாட்டியுடன் சித்திரைத் திருவிழாவுக்குப் போவேன்" என்கிறோம். "நாளை மேலூர் போவேன்" என்றும் சொல்லுகிறோம். முதலாவது இன்றைய பழக்கம். இரண்டாவது என்றோ நின்றுபோன பழக்கம். மூன்றாவது இனி நடக்கப்போவது. மூன்றுக்கும் தமிழில் எதிர்கால வினை ஒன்றே போதுமானதாயிருக்கிறது. இடம் நோக்கிப் பொருள் கொள்கிறோம்.

ஆங்கிலமோ இம்மூன்றையும் தனித்தனியே பிரித்துச் சொல்லும். இன்றைய பழக்கத்துக்கு நிகழ்கால வினை: 'ஐ கெட் அப் அட் ஃபைவ்'. நின்றுபோன பழக்கத்துக்கு 'ஐ யூஸ்டு டு கோ'. நாளைய செயலுக்கு 'ஐ வில் கோ'.

'யூஸ்டு டு' என்றால் 'வழக்கம்' என்று மட்டும் மனப்பாடம் செய்வதால்தான் தொல்லை வருகிறது. நேர்முகத் தேர்வுக்குப் போகும் மாணவி ஒருத்தி, 'ஐ யூஸ்டு டு ஹெல்ப் மை மதர்' என்று சொல்லுவதாக வைத்துக்கொள்வோம். முன்பு தாய்க்கு உதவினாள், இப்போது உதவுவதில்லை என்பதே அதன் பொருள். தன்னிடமுள்ள நற்பழக்கத்தைத் தன் வாயாலேயே இல்லையென்று ஆக்கிவிடுகிறாள்! 'ஐ ஹெல்ப் மை மதர்' என்றால் போதும்.

'ஆர் யூஸ்டு டு' என்பது வேறு. 'வீ ஆர் யூஸ்டு டு தி ஹீட்' என்றால், மதுரை வெயில் நமக்குப் பழகிவிட்டது என்று பொருள்.

மரபுத்தொடர்களையும் சற்றுக் காண்போம். 'ஓல்ட் ஹேபிட்ஸ் டை ஹார்ட்' என்பதற்கு நம்மிடம் 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்னும் பழமொழி இருக்கிறது. ஆனால் எல்லாத் தொடரும் இப்படிப் பொருந்துவதில்லை. இரவில் நெடுநேரம் விழித்திருப்பவரை 'நைட் அவுல்' என்பர். அதில் இகழ்ச்சி இல்லை. அதையே நாம் 'ஆந்தை' என்று பெயர்த்தால், கேட்பவர் முகம் சுளிப்பார்.

இன்னொரு சொல்லைக் கவனத்துடன் அறியவேண்டும். பிறரால் ஒதுக்கப்பட்டவரை ஆங்கிலத்தில் 'பரையா' என்பர். எந்த நாடும் உறவுகொள்ள விரும்பாத நாட்டைப் 'பரையா ஸ்டேட்' என்று செய்தித்தாள்கள் இன்றும் எழுதுகின்றன. அது நம் தமிழ்ச் சொல். பறையர் என்னும் சமூகத்தின் பெயர். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போய், ஒதுக்கப்படுதலையே குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. ஒதுக்கியவர்களின் நடத்தை குற்றமாயிருக்க, ஒதுக்கப்பட்டவர்களின் பெயரல்லவா பழிச்சொல்லாயிற்று! 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. அகராதியிலோ இச்சொல் இன்னும் இருக்கிறது.

வெளிநாட்டார் இதன் வரலாறு அறியாமல் சொல்லக்கூடும். நம் வகுப்பில் நம் அருகே அமர்ந்திருக்கும் தோழியின் மனம் புண்படும் என்பதை நாம் அறிவோம். ஆகவே 'ஒதுக்கப்பட்டவர்' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'எக்ஸ்க்ளூடட்' என்றே எழுதுவோம். இலக்கணப் பிழையைத் திருத்துவது போலவே, இதையும் ஒரு பழக்கமாக்கிக்கொள்வோம்.