உங்களுக்குத் தெரியுமா? கோல்கீப்பர் அடித்த கோல்!

இங்கிலாந்துக் கால்பந்தில் லீக் சாம்பியனும் எஃப்.ஏ. கோப்பை வென்ற அணியும் மோதும் ஆட்டத்தோடு சீசனைத் தொடங்குவது பழைய வழக்கம். 1908-ல் பிறந்த இந்தப் போட்டிக்கு முதலில் ‘சாரிட்டி ஷீல்டு’ என்று பெயர். 2002 முதல் ‘கம்யூனிட்டி ஷீல்டு’. வசூல் அறப்பணிகளுக்குப் போகிறது.

1967 ஆகஸ்ட். ஓல்டு ட்ராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டும் டாட்டன்ஹாமும். தொடங்கிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். டாட்டன்ஹாம் கோல்கீப்பர் பேட் ஜென்னிங்ஸ் கையிலிருந்த பந்தை ஓங்கி உதைத்தார். அது மைதானத்தின் மறுமுனை வரை பறந்து, ஒருமுறை தரையில் குத்தி எழும்பி, முன்னே வந்து நின்ற எதிரணிக் கோல்கீப்பர் அலெக்ஸ் ஸ்டெப்னியின் தலைக்கு மேலே போய் வலைக்குள் விழுந்தது. பாவம் ஸ்டெப்னி! ஆட்டம் 3-3. அப்போது சமனில் முடிந்தால் ஷீல்டை ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்வார்கள். பெனால்டி உதைகளைவிட இது நாகரிகமான ஏற்பாடு என்றே தோன்றுகிறது.

நாகரிகம் எல்லா வருடமும் இருந்ததில்லை. 1974-ல் முதன்முறையாக வெம்ப்ளியில் ஆட்டம். லிவர்பூலின் கெவின் கீகனும் லீட்ஸின் பில்லி பிரெம்னரும் கைகலப்பில் இறங்கி வெளியேற்றப்பட்டார்கள். போகிற போக்கில் இருவரும் சட்டையைக் கழற்றி வீசினார்கள். அதற்குக் கிடைத்த பரிசு, தலா 500 பவுண்டு அபராதமும் நீண்ட தடையும். ஷீல்டு பெனால்டியில் லிவர்பூலுக்குப் போனது.