ஆங்கிலத்தில் ‘டூ’ துணைவினையின் பரவல்

ஒரு மொழியில் தோன்றும் புதிய தொடரமைப்பு எல்லாத் தொடர்வகைகளிலும் ஒருங்கே இடம்பெற்றுவிடுவதில்லை. பழைய அமைப்பும் புதிய அமைப்பும் பல தலைமுறைகள் அருகருகே வழங்கிய பின்னரே ஒன்று மற்றொன்றை அகற்றுகிறது. ஆங்கிலத்தில் ‘டூ’ துணைவினை பரவிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

‘எனக்குத் தெரியாது’ என்னும் பொருளில் இன்றைய ஆங்கிலத்தார் ‘ஐ டூ நாட் நோ’ என்பர். 15ஆம் நூற்றாண்டில் ‘ஐ நோ நாட்’ என, வினைச்சொல்லுக்குப் பின்னர் எதிர்மறைச் சொல்லை வைப்பதே பெருவழக்கு. வினாத்தொடரிலும் முதன்மை வினையே எழுவாய்க்கு முன் நின்றது.

இம்மாற்றத்தை ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆல்வர் எல்லெகோர்டு 1953இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாகக் கணக்கிட்டுக் காட்டினார். எதிர்மறை வினாக்களில் ‘டூ’ விரைந்து இடம்பெற்றது. உடன்பாட்டு வினாக்கள் அடுத்து வந்தன. எதிர்மறைக் கூற்றுகள் பின்தங்கின. அறிதல், ஐயுறுதல், பொருட்படுத்தல் ஆகியவற்றைக் குறிக்கும் ‘நோ’, ‘டவுட்’, ‘கேர்’ போன்ற வினைகள் பழைய அமைப்பை நெடுங்காலம் விடாமல் இருந்தன. மிகுதியாக வழங்கும் சொற்கள் பழமையைப் பேணுவது இயல்பே.

இத்தரவுகளை மீண்டும் ஆராய்ந்த அமெரிக்க மொழியியலார் அந்தனி குரோக், 1989இல் வேறொரு முடிவை முன்வைத்தார். ஒவ்வொரு தொடர்வகையிலும் ‘டூ’வின் அளவு வேறுபடினும், அது வளர்ந்த வேகம் ஒன்றே என்பது அவர் கருத்து. இதன்படி, வெவ்வேறாகத் தோன்றும் மாற்றங்கள் அடிப்படையில் நிகழும் ஒரே இலக்கண மாற்றத்தின் வெளிப்பாடுகளாகும்.

உடன்பாட்டுக் கூற்றுகளின் நிலை வேறு. அவற்றில் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெருகிய ‘டூ’ பின்னர் அருகியது. இன்று அழுத்தப் பொருளில் மட்டுமே நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர் இடறக்கூடிய இடம் இதுவே. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் வரும் ‘டிட் ஈட்’ என்பதை இன்றைய வழக்கைக் கொண்டு நோக்குபவர் ‘உண்ணவே செய்தனர்’ எனப் பெயர்க்கக்கூடும். அக்கால வழக்கில் அது பெரும்பாலும் ‘உண்டனர்’ என்னும் இறந்தகாலப் பொருளையே தரும். அழுத்தம் உண்டென்று கொள்ளச் சூழல் இடந்தர வேண்டும். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இரு வடிவங்களும் கலந்து வருதலின், ஓசை நிறைக்க வந்த ‘டூ’வையும் பொருளழுத்தம் தர வந்த ‘டூ’வையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

ஆகவே, ஒரு தொடரமைப்பின் பொருளைத் துணிவதற்கு அதன் வடிவம் மட்டும் போதாது. பரவலின் எந்தக் கட்டத்தில் அது எழுதப்பட்டது என்பதும் அறியப்பட வேண்டும்.