சூடு தாங்கும் பெயிண்ட் எது?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீராவி எஞ்சினை அறியாத வணிகர் இல்லை. அதன் கொதிகலனைச் சுற்றி வெப்பக் காப்பு, அதற்கு மேல் தகடு. அந்தத் தகட்டுக்கு நல்ல எனாமல் பெயிண்டே போதும். முன்புறப் புகைப்பெட்டி அப்படியல்ல. சுற்றிலும் தண்ணீர் இல்லை. சூடான புகை நேரே இரும்பில் படும். எனாமல் கருகி உரியும், துரு பிடிக்கும். சிலிக்கோன் ரெசினும் அலுமினியத் தூளும் சேர்ந்த பெயிண்ட் சுமார் 600 டிகிரி வரை தாங்கும்.

நம் ஜெனரேட்டர் சைலன்சருக்கும், வறுவல் அடுப்பின் புகைக்குழாய்க்கும் இதே கணக்குதான். வெள்ளி நிறப் பெயிண்டெல்லாம் சூடு தாங்காது. எத்தனை டிகிரி என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். துருவைச் சுரண்டி, மெல்லிசாகப் பூசி, காய்ந்தபின் மெதுவாகச் சூடேற்றுங்கள். விலை கூடுதல்தான், புதுக் குழாய் வாங்கும் செலவு மிச்சம்.