சிவகாசி பட்டாசு டெமோ வீடியோ முதல் ஆண்டாள் தேர் வரை... சின்ன கேமராவுக்கு எந்த மெமரி கார்டு வாங்கலாம்? காசு எங்கே வீணாகுது?

பட்டாசுக்கு ஒரு குணம் உண்டு. திரியைப் பத்த வச்சுட்டா திரும்ப எடுக்க முடியாது. நூறு ஷாட்டுக்கு மேல் வெடிக்கும் பேன்சி ரகம் ஒன்றை டெமோ வீடியோவுக்காகக் கொளுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைசி ஷாட்டுகள் வானத்தில் விரியும் நேரத்தில் கேமராவில் 'பதிவு நின்றுவிட்டது' என்று எழுத்து வந்தால், பட்டாசும் போச்சு, வீடியோவும் போச்சு.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு விற்பவர்கள் யூடியூப், வாட்ஸ்அப்பில் டெமோ வீடியோ போடுவது இப்போது சாதாரணம். இன்னொரு பக்கம், அலமாரியில் கிடந்த பழைய டிஜிட்டல் கேமராக்களை இளைஞர்கள் தூசி தட்டி எடுக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர், விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கல் என எல்லாமே ஒரே ஒரு வாய்ப்புதான். கேமரா நல்லா இருந்தும் கார்டு காலை வாரிவிட்டால் என்ன செய்வது?

குறைந்த விலையில் நல்ல கார்டை எப்படித் தேர்ந்தெடுப்பது, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது: உங்க கேமரா எதை ஏற்கும்?

கடைக்குப் போகும் முன் கேமராவின் கார்டு மூடியைத் திறந்து பாருங்கள். பக்கத்தில் என்ன சின்னம் இருக்கிறதோ, அதுதான் கணக்கு.

- எஸ்டி: 2 ஜிபி வரை
- எஸ்டிஎச்சி: 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரை. இந்த வகை வந்தது 2006-ல்
- எஸ்டிஎக்ஸ்சி: 32 ஜிபிக்கு மேல் 2 டிபி வரை. இது அறிமுகமானது 2009-ல்

புது கேமராவில் பழைய கார்டு ஓடும். பழைய கேமராவில் புது கார்டு ஓடாது. 'எஸ்டி' என்று மட்டும் போட்டிருக்கும் 2005-ம் ஆண்டு கேமராவுக்கு 32 ஜிபி கார்டு வாங்கினால், அது கார்டையே அடையாளம் கண்டுகொள்ளாது.

செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2010-க்கு முந்தைய சோனி சைபர்ஷாட்களில் மெமரி ஸ்டிக்தான் போகும். அந்தக் கால ஒலிம்பஸ், ஃபியூஜிஃபில்ம் கேமராக்கள் பலவற்றுக்கு எக்ஸ்டி கார்டு வேண்டும். இவை இப்போது எளிதில் கிடைப்பதில்லை. கேமரா மலிவாகக் கிடைத்தாலும் கார்டு செலவு வயிற்றில் அடிக்கும். அதனால் வாங்கும் முன்னாலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

'150 எம்பி வேகம்' என்று பெரிசா போட்டிருக்கே, அது என்ன?

பலரும் ஏமாறும் இடம் இதுதான். கார்டின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் வேகம் பெரும்பாலும் 'படிக்கும்' வேகம். அதாவது கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படங்களை மாற்றும்போது, அதுவும் பொருத்தமான ரீடர் இருந்தால் கிடைப்பது. வீடியோ எடுக்கும்போது கேமராவுக்கு வேண்டியது 'எழுதும்' வேகம். அதிலும், எந்த நேரத்திலும் இதற்குக் கீழே இறங்காது என்று உறுதி தரும் குறைந்தபட்ச வேகம்.

அந்த உறுதி கார்டில் சின்னதாக அச்சிட்டிருக்கும் சின்னங்களில் இருக்கிறது.

- 'சி' எழுத்துக்குள் 10: வினாடிக்கு குறைந்தது 10 எம்பி
- 'யு' எழுத்துக்குள் 1: இதுவும் 10 எம்பி
- 'யு' எழுத்துக்குள் 3, அல்லது வி30: குறைந்தது 30 எம்பி
- வி60, வி90: 60 எம்பி, 90 எம்பி

ஏ1, ஏ2 என்ற சின்னங்கள் செல்போனில் ஆப்களை ஓட்டுவதற்கானவை. கேமராவுக்கு அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அப்போ எவ்வளவு வேகம் போதும்?

கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். வினாடிக்கு 28 மெகாபிட் அளவில் முழு எச்டி வீடியோ எடுக்கும் கேமரா என்றால், எட்டால் வகுத்தால் வினாடிக்கு 3.5 எம்பி. சி10 கார்டு உறுதி தருவது 10 எம்பி. தாராளமாகப் போதும்.

4கே வீடியோ எடுக்கும் கேமரா என்றால் கதை வேறு. சோனி இசட்வி-1 போன்ற கேமராவில் 4கே வீடியோவை 100 மெகாபிட் அளவில் எடுக்கலாம். அது வினாடிக்கு 12.5 எம்பி. 10 எம்பி உறுதி மட்டும் உள்ள கார்டு இதற்குப் பத்தாது. யு3 அல்லது வி30 வேண்டும்.

பட்டாசு எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வானம் வெறுமையாக இருக்கும்போது கேமரா அந்தக் காட்சியை எளிதாகச் சுருக்கிவிடும். கார்டுக்கு வேலை குறைவு. ஆயிரக்கணக்கான பொறிகள் ஒரே நேரத்தில் சிதறும்போது அப்படிச் சுருக்க முடியாது, டேட்டா உச்சத்துக்குப் போகும். வேகம் குறைந்த கார்டு மூச்சுத் திணறுவதும் அப்போதுதான். மற்ற நேரமெல்லாம் ஒழுங்காக ஓடிய கார்டு, வாணவேடிக்கையின் உச்சத்தில் மட்டும் நின்றுபோவதற்கு இது ஒரு காரணம்.

அதே நேரத்தில், வி60, வி90 கார்டு வாங்குவது கொசு அடிக்கக் கோடாலி எடுப்பது மாதிரி. இந்த ரகங்கள் பெரும்பாலும் யுஎச்எஸ்-2 என்ற இரண்டு வரிசைப் பின்கள் கொண்டவை. சாதாரண கேமராக்களில் யுஎச்எஸ்-1 வசதிதான் இருக்கும். கார்டு ஓடும், ஆனால் கேமராவின் வேகத்தில்தான் ஓடும். கொடுத்த கூடுதல் பணம் வீண்.

எத்தனை ஜிபி வாங்கலாம்?

20 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் சுமார் 8 எம்பி என்று வைத்தால், 32 ஜிபி கார்டில் ஏறக்குறைய 4,000 படங்கள் நிற்கும். மேலே சொன்ன முழு எச்டி வீடியோ என்றால் சுமார் இரண்டரை மணி நேரம். 100 மெகாபிட் 4கே என்றால் 64 ஜிபி கார்டிலேயே சுமார் 85 நிமிடம்தான்.

எது மலிவு என்று பார்க்க, விலையை ஜிபியால் வகுத்தால் போதும். உதாரணத்துக்கு, 32 ஜிபி 400 ரூபாய், 64 ஜிபி 640 ரூபாய், 128 ஜிபி 1,400 ரூபாய் என்று கடைக்காரர் சொன்னால், ஒரு ஜிபிக்கு முறையே 12.50, 10, சுமார் 11 ரூபாய். இதில் 64 ஜிபிதான் லாபம். விலை அடிக்கடி மாறும் என்பதால் வாங்கும் நாளில் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

கல்யாணம், கோயில் கொடை, தேர் போன்ற நிகழ்ச்சிகளுக்கு மட்டும் வேறு யோசனை உண்டு. ஒரே 64 ஜிபி கார்டைவிட இரண்டு 32 ஜிபி கார்டுகள் பாதுகாப்பு. ஒன்று கெட்டாலும் பாதி நிகழ்ச்சியாவது கையில் இருக்கும்.

கம்ப்யூட்டரில் போட்டால் 32 ஜிபி கார்டு 29.8 என்று காட்டும். இது மோசடி இல்லை. கார்டு நிறுவனம் ஆயிரத்தின் மடங்கில் கணக்கிடுகிறது, கம்ப்யூட்டர் 1,024-ன் மடங்கில் கணக்கிடுகிறது. அவ்வளவுதான்.

போலி கார்டு எப்படி ஏமாற்றுகிறது?

உண்மையில் 8 ஜிபி மட்டுமே இருக்கும் கார்டில், உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப்பை மாற்றி 64 அல்லது 128 ஜிபி என்று சொல்ல வைப்பார்கள். கேமராவும் அதை நம்பிவிடும். முதல் 8 ஜிபி வரை எந்தப் பிரச்சினையும் தெரியாது. அதற்குப் பிறகு எடுக்கும் படங்கள் பழைய படங்களின் மேல் எழுதப்படும், அல்லது எங்கேயும் எழுதப்படாமல் காற்றோடு போகும். ஃபைல் பெயர் மட்டும் இருக்கும். திறந்தால் ஒன்றும் வராது.

அழிந்துபோன படத்தை ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் வைத்து மீட்க வாய்ப்பு உண்டு. ஆனால் கார்டில் எழுதப்படவே இல்லாத படத்தை யாராலும் மீட்க முடியாது.

அச்சுத் தொழிலுக்குப் பேர்போன சிவகாசிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அட்டை பளபளப்பாக இருப்பது உள்ளே இருக்கும் பொருளுக்கு உத்தரவாதம் ஆகாது. சில நூறு ரூபாய்க்கு 1 டிபி கார்டு என்று யாராவது கொடுத்தால், யோசிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

- விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', மேக், லினக்ஸ் என்றால் 'எஃப்3'. இரண்டுமே இலவசம். கார்டு முழுக்க டேட்டாவை எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 64 ஜிபிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.
- கம்ப்யூட்டர் இல்லையா? ஓடிஜி கார்டு ரீடர் மூலம் செல்போனில் இருக்கும் பெரிய வீடியோக்களைக் கார்டு நிறையும் வரை காப்பி செய்யுங்கள். பிறகு ரீடரைக் கழற்றி மாட்டி, முதல், நடு, கடைசி வீடியோக்கள் முழுசா ஓடுகிறதா என்று பாருங்கள்.

கடையோ ஆன்லைனோ, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும். பில் கட்டாயம். கவரில் எம்ஆர்பி, இறக்குமதியாளர் பெயர், முகவரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். 'லைஃப்டைம் வாரண்டி' என்பது கார்டுக்கு மட்டும்தான். அதில் இருந்த படங்களுக்கு இல்லை.

பட்டாசைப் படம் எடுத்தால் கேமரா 'ஹேங்' ஆகுதே, கார்டு பிரச்சினையா?

பெரும்பாலும் இல்லை. வாணவேடிக்கை மோடில் கேமரா சில வினாடிகள் ஷட்டரைத் திறந்து வைக்கும். பிறகு படத்தில் வரும் புள்ளிகளை நீக்க ஏறக்குறைய அதே அளவு நேரம் எடுத்துக்கொள்ளும். பல கேமராக்கள் இப்படித்தான். இதற்காக விலை உயர்ந்த கார்டு வாங்கினாலும் காத்திருக்கும் நேரம் குறையாது.

மறக்கக் கூடாதவை

- புது கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.
- லைட் சிமிட்டும்போது கார்டை உருவாதீர்கள்.
- படம் தவறுதலாக அழிந்தால், அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். மீட்கும் வாய்ப்பு அப்போதுதான் இருக்கும்.
- வீட்டுக்கு வந்ததும் வேறு இடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.
- பட்டாசு உற்பத்தி நடக்கும் அறைகளுக்குள் கேமராவோ செல்போனோ கொண்டு போகவே கூடாது. டெமோ எடுப்பது திறந்தவெளியில், ட்ரைபாட் வைத்து, பாதுகாப்பான தூரத்தில்தான்.

சுருக்கமா சொன்னா...

முழு எச்டி வரை எடுக்கும் சின்ன கேமராவுக்கு சி10 அல்லது யு1 சின்னம் உள்ள 32 ஜிபி கார்டு போதும். 4கே எடுத்தால் வி30 உள்ள 64 ஜிபி. அதற்கு மேல் கொடுக்கும் காசு கேமராவுக்குப் பயன்படாது. அந்தக் காசை இரண்டாவது கார்டுக்குப் போடுங்கள். எந்தக் கார்டாக இருந்தாலும் முழுசா நிரப்பிச் சோதித்த பிறகே விசேஷத்துக்குக் கொண்டு போங்கள்.