கவனிக்கப்படாத கைம்பெண்களும் சப்பிரகமுவத் தோட்டங்களும்



ஆதித் திருச்சபைக்குள் எழுந்த முதல் முணுமுணுப்பு எதைப் பற்றியது என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? அது விசுவாசக் கோட்பாட்டைப் பற்றியதன்று. மொழியையும் உணவையும் பற்றியது. திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரம் இதனை மறைக்காமல் கூறுகின்றது. எருசலேமில் கிரேக்க மொழி பேசிய விசுவாசிகளின் கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படாமல் விடப்பட்டனர். வேண்டுமென்றே எவரும் அவர்களைப் புறக்கணித்ததாக லூக்கா எழுதவில்லை. பெரும்பான்மையோரின் மொழியில் பட்டியல் எழுதப்படும்போது சிறுபான்மையோரின் பெயர் விடுபட்டுப் போவது எக்காலத்திலும் நிகழ்வதுதானே!

திருத்தூதர்கள் செய்தது நம் சிந்தனைக்குரியது. அவர்கள் ஆறுதல் கூறி அனுப்பிவிடவில்லை. பணிக்கென எழுவரைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. அதைவிட வியப்பானது பின்னர் நிகழ்ந்தது. பந்தி பரிமாற நியமிக்கப்பட்ட ஸ்தேவான் முதல் இரத்தசாட்சியானார். பிலிப்பு சமாரியாவுக்கு நற்செய்தியைக் கொண்டு சென்றார். காசாவுக்குச் செல்லும் பாதையில் எத்தியோப்பிய அதிகாரியின் தேரோடு ஓடினார். அங்கும் அவர் போதனையோடு ஆரம்பிக்கவில்லை. வாசிப்பது விளங்குகின்றதா என்ற கேள்வியோடுதான் ஆரம்பித்தார்.

மறைபரப்பியல் என்னும் பாடத்தை இன்று குருத்துவக் கல்லூரிகளில் எவ்வாறு கற்பிப்பது, எங்கே ஆராய்வது என்ற வினா எழும்போதெல்லாம் எனக்கு இந்த அதிகாரமே நினைவுக்கு வருகின்றது. திருச்சபையின் ஏடுகளில் இதற்கான வழிகாட்டலுக்குக் குறைவில்லை. திருத்தந்தை 15ஆம் ஆசீர்வாதப்பர் 1919இல் வெளியிட்ட திருமடலில், மறைபணியாளர் மக்களின் மொழியை அரைகுறையாகக் கற்றுக்கொண்டு திருப்தியடையலாகாது என்று வலியுறுத்தினார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட மறைபரப்புப் பணி பற்றிய ஆணையின் 34ஆம் இலக்கம், மொழி, வரலாறு, சமூகம் ஆகியவற்றை ஆராயும் நிறுவனங்கள் தேவையென்றது. 1974இல் தாய்பேயில் கூடிய ஆசிய ஆயர்கள், ஏழைகளோடும் கலாசாரங்களோடும் பிற சமயங்களோடும் உரையாடுவதே இக்கண்டத்தில் நற்செய்திப் பணியின் வழி என்றனர். ஏடுகள் இருக்கின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு எங்கே செல்வது என்பதே கேள்வி. சப்பிரகமுவத் தோட்டங்களுக்குச் செல்லலாம் என்பது என் எண்ணம்.

மலையகம் என்றதும் நம் கண்முன் விரிவது நுவரெலியா. அங்கே தோட்டத்தை அடுத்துத் தோட்டம். கடைத்தெருவிலும் தமிழ் ஒலிக்கும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் நிலைமை வேறு. எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இறக்குவானையிலும் காவத்தையிலும் இறப்பர், தேயிலைத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவுகள் போன்று சிதறிக் கிடக்கின்றன. அத்தோட்டங்களில் வாழும் தமிழர் இம்மாகாணத்தில் சிறுபான்மையினர். அவர்களுள் பெரும்பாலோர் இந்துக்களாதலால், கத்தோலிக்கர் அச்சிறுபான்மைக்குள்ளும் ஒரு சிறுபான்மை.

இவர்களுக்கு விசுவாசத்தைக் கொண்டுவந்தவர் யார்? அங்கிலிக்கன் சபையார் 1854இல் தோட்டத் தொழிலாளருக்கென்றே 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பணியைத் தொடங்கினர். (அந்தப் பெயரே அக்கால நோக்கைக் காட்டிக் கொடுக்கிறது.) கத்தோலிக்கத் தரப்பில், சப்பிரகமுவவையும் உள்ளடக்கிய காலி மறைமாவட்டத்தின் பொறுப்பை 1895இல் பெல்ஜிய இயேசு சபையினர் ஏற்றனர். 1995 நவம்பர் 2ஆம் திகதி இரத்தினபுரி தனி மறைமாவட்டமாயிற்று. இவை வரலாற்று நூல்களில் உள்ளவை. ஆனால் பல கத்தோலிக்கக் குடும்பங்கள் தமிழகத்திலிருந்து புறப்பட்டபோதே செபமாலையையும் தங்கள் ஊர்ப் புனிதரின் பக்தியையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தவை. குரு எப்போதாவது வரும் தோட்டங்களில் அந்த விசுவாசத்தைக் காத்தவர் உபதேசியார். பகலில் பால் வெட்டி, மாலையில் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்து, இறந்தவரை அடக்கம் செய்யச் செபித்தவர் அவர். மறைபரப்பியல் நூல்களில் அவருக்கு ஓர் அடிக்குறிப்புக் கிடைத்தாலே பெரிது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலுக்கு இருபுறமும் பிரித்தது. 1977இலும் 1981இலும் ஓகஸ்ட் மாத வன்முறைகள் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களைத் தாக்கின. லயன்களை விட்டோடியவர்களுள் பலர் வவுனியாப் பக்கம் சென்று குடியேறினர். எஞ்சிய நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. இத்தனைக்கும் பிறகு தங்கியிருப்போர் தம் பிள்ளைகளைச் சிங்களப் பாடசாலைக்கு அனுப்பினால் நாம் குறை கூறலாகாது. அருகிலுள்ள தமிழ்ப் பாடசாலையில் உயர்தர வகுப்பு இல்லாதிருக்கலாம். தமிழ் பேசினால் ஆபத்து என்ற நினைவு பெற்றோர் மனதில் இன்னும் ஆறாதிருக்கலாம். இவ்வாறு ஒரே லயன் அறையில் பாட்டி தமிழில் செபிக்க, பேரன் சிங்களத்தில் மறைக்கல்வி பயிலும் நிலை உருவாகியுள்ளது.

அந்தப் பாட்டி நோயுற்றுப் படுக்கையில் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரும் குருவுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் எனத் திருச்சபைச் சட்டத்தின் 990ஆம் இலக்கம் இடமளிக்கின்றது. சட்டம் சரியே. ஆனால் எந்தப் பாட்டி தன் வாழ்நாட் சுமையைப் பேரனின் வாய்வழியாக இறக்கி வைப்பார்? எருசலேமின் கைம்பெண்களுக்கு விடுபட்டது அப்பம். இவருக்கு விடுபடுவது மன்னிப்பின் வார்த்தையைத் தன் மொழியில் கேட்கும் ஆறுதல். மறைபரப்பியல் ஆசிரியர் ஒருவர் தம் மாணவர் முன் வைக்க இதைவிடக் கூர்மையான வினாவை நான் அறியேன்.

தோட்டத்துக்கு வெளியே வாழும் அயலவரின் நினைவுகளையும் மாணவர் கேட்க வேண்டும். இரத்தினபுரி மகா சமன் தேவாலயத்தில் ஒரு கற்பலகை உண்டு. கவசம் தரித்த போர்த்துக்கேயப் போர்வீரன் ஒருவன், வீழ்ந்து கிடக்கும் சிங்கள வீரனின் மேல் வாளோங்கி நிற்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. போர்த்துக்கேயர் அவ்விடத்துப் பழைய ஆலயத்தை அழித்துத் தங்கள் கோவிலை எழுப்பியதை அக்கல் இன்றும் நினைவூட்டுகின்றது. கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டமூலம் 2004இல் பாராளுமன்றத்துக்கு வந்தபோது நம்மவரிற் பலர் கலங்கினோம். அந்தக் கல்லைப் பார்த்து வளர்ந்தவர்களின் அச்சத்தையும் புரிந்துகொள்ளாமல் நற்செய்தியைப் பற்றி அவர்களோடு எவ்வாறு பேச முடியும்? புனித யோசேப்வாஸ் அடிகளார் வேறு முகத்தைக் காட்டினார். தமிழையும் சிங்களத்தையும் கற்று, 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, நோயாளரைச் சமயம் பாராது பேணினார்.

விரிவுரை மேடையை விட்டிறங்கியவர்களும் நம் நாட்டில் உண்டு. அருட்தந்தை மைக்கல் றொட்றிகோ அம்பிட்டிய குருத்துவக் கல்லூரியில் கற்பித்தவர். 1980இல் புத்தளைப் பகுதியின் பௌத்த கிராமமொன்றில் சிறு வீட்டில் குடியேறி, அம்மக்களிடமே பாடம் கேட்டார். 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலி முடியும் வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இயேசு சபை அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் 'சத்யோதய' நிலையத்தை நிறுவி, தோட்ட மக்களின் உரிமைகளை ஆய்வுக்கும் செயலுக்கும் உரியனவாக்கினார்.

எல்லாரும் அவ்வாறு செல்ல வேண்டுமென்று நான் கூறவில்லை. ஒரு விடுமுறைக் காலம் போதும். இறையியல் மாணவர் இருவர், ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர், ஒரு தோட்டத்தில் தங்கட்டும். முதல் இரு வாரங்கள் மறையுரை வேண்டாம். 2016 மே 17இல் மண்சரிவு லயன்களை மூடிய புளத்கொஹுபிட்டியவில், நிவாரணப் படிவங்கள் எம்மொழியில் வந்தன, யார் நிரப்பிக் கொடுத்தார் என்று கேட்கட்டும். திருநாளில் இந்து அயலவர் கோவிலுக்கு ஏன் வருகின்றனர் என்று அவர்களிடமே கேட்கட்டும். பங்கின் ஞானஸ்நானப் பதிவேடுகளைத் திறந்து, பெற்றோரின் ஊர், ஞானப்பெற்றோர், தோட்டத்தின் பெயர் என்று ஒவ்வொன்றாகப் படியெடுக்கட்டும். பின்னர் அந்தப் பெயர்களோடு முதிய உபதேசியாரின் வாசலில் போய் அமரட்டும். பதிவேட்டில் இல்லாதது அவருக்குத் தெரியும். அவருக்கோ எண்பது வயதாகிறது; ஏடுகளில் கறையான் ஏறத் தொடங்கிவிட்டது.