இராஜினாமாக் கடிதத்தில் கையொப்பமிடும் முன்...

கடந்த மாதம் என்னிடம் படித்த பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் ஆறு வருடங்கள் வேலை செய்தவர்.

"சேர், ஆள் குறைக்கிறாங்களாம். இதுல சைன் வெச்சாத்தான் இந்த மாசச் சம்பளமாம்" என்று ஒரு கடிதத்தை நீட்டினார். அவர் 'சொந்த விருப்பின் பேரில்' விலகுவதாக நிறுவனமே தட்டச்சு செய்திருந்தது. வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லையாம்.

வேலைக்கு விண்ணப்பிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறோம். வேலையிலிருந்து வெளியேறுவதை யாரும் கற்றுக் கொடுப்பதில்லை. அன்று அவருக்குச் சொன்னவற்றைப் பிறருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது, அந்தக் கையொப்பம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், முந்திய 12 மாதங்களில் 180 நாட்களாவது வேலை செய்த ஊழியரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நீக்குவதானால், ஊழியரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். இராஜினாமாவில் கையொப்பமிட்டால், நீக்கப்பட்டவர் தானாக விலகியவராகி விடுகிறார். பிறகு வற்புறுத்தப்பட்டதாக நிரூபிப்பது இலகுவல்ல. வேலை செய்த நாட்களுக்கான சம்பளமோ எப்படியும் தரப்பட வேண்டியது. அதற்கு விலையாகக் கையொப்பம் கேட்க முடியாது.

ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நீக்கினால், இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அநீதி என்று கருதினால் தொழில் திணைக்களத்துக்கோ தொழில் நியாய சபைக்கோ செல்லலாம். ஆனால் ஆறு மாதங்களுக்குள் செல்ல வேண்டும். வெட்கத்தில் வீட்டில் அடைந்திருப்பவர்கள் இழப்பது இந்த ஆறு மாதங்களைத்தான். 15 பேருக்குக் குறைவான கடைகளில் வேலை செய்யும் நமது இளைஞர்களுக்கும் தொழில் நியாய சபையின் கதவு திறந்தே இருக்கிறது.

இரண்டாவது, பணிக்கொடை. 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் 30 நாட்களுக்குள் வழங்க வேண்டும். இராஜினாமாச் செய்தவருக்கும் இது உண்டு. இறுதிச் சம்பளம் 60,000 ரூபா என்றால், ஆறு வருடங்களுக்கு 180,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனத்தின் 12 வீதமும் ஊழியரின் 8 வீதமும் ஒழுங்காகச் செலுத்தப்பட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வெளியேறும்போது நடத்தும் நேர்காணல். அது மனக்குமுறலைக் கொட்டும் இடமல்ல. ஆட்களைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றிப் பேசுங்கள். கேட்டதற்குச் சுருக்கமாக, உண்மையாகப் பதில் சொல்லுங்கள். வாசிக்காத எதிலும் கையொப்பமிட வேண்டாம். கையொப்பமிட்டதன் பிரதியைக் கேளுங்கள். பொறுப்பிலிருந்த சாவி, கணினி போன்றவற்றை ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு எடுங்கள். சேவைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, அடுத்த விண்ணப்பம். சுயவிபரக்கோவையில் திகதிகளை மாற்ற வேண்டாம். ஒரு தொலைபேசி அழைப்பில் வெளிப்பட்டு விடும். ஏன் விலகினீர்கள் என்று கேட்டால், "ஆளணியைக் குறைத்தார்கள், எனது பதவியும் அதில் போனது" என்பது போதும். தவறு நம்முடையது என்றால் அதை ஒரு வசனத்தில் ஒப்புக்கொண்டு, பிறகு திருத்திக்கொண்டதைச் சொல்லலாம். பழைய முதலாளியைக் குறை சொல்பவரைப் புதிய முதலாளியும் சந்தேகத்துடனேயே பார்ப்பார்.

அந்த மாணவர் கையொப்பமிடவில்லை. நீக்குவதானால் எழுத்தில் தாருங்கள் என்று பணிவாகக் கேட்டார். கிடைத்த கடிதத்துடன் தொழில் திணைக்களத்தில் முறையிட்டுள்ளார். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் அன்றிரவே வீட்டாரிடம் விடயத்தைச் சொல்லிவிட்டார். இப்போது வேறு இடங்களுக்கும் விண்ணப்பிக்கிறார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருநாள் இப்படி ஒரு கடிதத்துடன் வந்தால், "என்ன பிழை செய்தாய்?" என்று கேட்க வேண்டாம். "சைன் வெச்சிட்டியா?" என்று முதலில் கேளுங்கள்.