குத்தாலத்துத் தூண்டிலும் விராலின் சிவப்புக் குஞ்சுகளும்

குத்தாலம் என்றதும் தென்காசிப் பக்கத்து அருவியை நினைத்துவிடாதீர்கள். அது குற்றாலம்! இது மயிலாடுதுறைக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில் இருக்கும் ஊர். அருவி இல்லை, ஆறும் வாய்க்காலும் குளமும் உண்டு. ஆகவே தூண்டில்காரர்களும் உண்டு.

மூங்கில் கழி, தங்கூசி நூல், முள், மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, கொட்டாங்கச்சியில் கொஞ்சம் மண்புழு. முதலீடு இவ்வளவுதான். ஆனால் பருவம் மேட்டூரின் கையில் இருக்கிறது. வழக்கப்படி அணை திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. 2012-ல் ஆடிப்பெருக்கு கழிந்து ஒன்றரை மாதம் சென்று, செப்டம்பர் 17-ந் தேதிதான் திறந்தார்கள். விவசாயி வானத்தையும் தூண்டில்காரர் தக்கையையும் மாறி மாறிப் பார்க்க வேண்டிய வருஷம் அது.

புதுத் தண்ணீர் கலங்கலாக வரும்போது கெளுத்திக்குக் கொண்டாட்டம். மீசையால் தடவியே இரை தேடும் மீனுக்குக் கலங்கல் ஒரு பொருட்டா? அந்தி சாய்ந்ததும் தக்கை அமிழும். கழற்றும்போது ஜாக்கிரதை, துடுப்பு முள் குத்தினால் விரல் கடுத்துவிடும். தண்ணீர் தெளிந்த பிறகு கெண்டைகள். ஜிலேபிக் கெண்டையும் கிடைக்கும். 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்த விருந்தாளி அது. இப்போது வீட்டுக்காரரையே விரட்டுகிறது!

ஐப்பசி மழையில் குளம் வழிந்தால் பனையேறிக் கெண்டை தரையிலேயே நடை போடும். 1791-ல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், குளக்கரைப் பனை மரத்தில், நீர்மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில் ஒன்றைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் விஞ்ஞானிகள் சபை வரை போன சமாச்சாரம் அது. மரம் ஏறுவது நிஜமா என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதன் தலையில் இருப்பது நிஜம்.

இந்த மழைக்காலத்தில்தான் விராலும் குஞ்சு பொரிக்கிறது. குளத்தோரம் செக்கச் சிவப்பாக ஒரு கூட்டம் மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறையும். அடியில் பெரிய விரால் காவல் நிற்கும். அங்கே தவளைக்குஞ்சைக் கோத்துப் போட்டால் ஒரே பாய்ச்சல்! பசியால் அல்ல, பிள்ளைகளிடம் வந்தவனை விரட்டத்தான் பாய்கிறது. அதைத் தூக்கிவிட்டால் குரவையும் கெளுத்தியும் கொக்கும் குஞ்சுகளைத் தீர்த்துவிடும். அடுத்த வருஷத்து விரால்களும் அதோடு போச்சு.

கிழக்கே கடலில், மீன்கள் இனம் பெருகட்டும் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையிலேயே கிடக்கின்றன. 2017-க்கு முன் 45 நாள். அத்தனை பெரிய கடலுக்கே அந்தக் காவல் என்றால், ஊர்க் குளத்தில் சிவப்புக் கூட்டத்தைக் கண்டவர் நாலு முழம் தள்ளித் தூண்டில் போடக்கூடாதா?

குஞ்சுகள் சிவப்பு மாறிக் கருத்து, தனித்தனியாகப் பிரிந்தபின் விராலுக்குத் தாராளமாக முள் கோக்கலாம். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடும் வழக்கம். அதன் பிறகு ஆறு வற்றி மடுக்களாகும். மாசி, பங்குனியில் மீனெல்லாம் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கும்.